குடிசை மாற்று வாரியமும் குடியிருப்போர் குரலும்

வீட்டு மனையைப் பற்றிய கவலை நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், சேரியின் குடியிருப்பு மனைகளும் மிராசுதார் கையில் இருந்தமையால், எதிர்த்துப் பேசுவோரைக் குடிசையினின்றே வெளியேற்றிவிட முடிந்தது என்பதை எடுத்துக் காட்டினார். பஞ்சமி நிலம் பற்றிய 1892ஆம் ஆண்டு ஆணைக்கு அவ்வறிக்கையே வழிகோலிற்று. மாதனூரிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்னைக்குச் செல்லும் நம் இளைஞர்கள், அதே கேள்வியை வேறோர் உருவில் அங்கே சந்திக்கின்றனர். ஆதலின் அந்நகரின் வரலாற்றையே இங்கு எழுதத் துணிந்தேன்.

கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்த 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. ஏழே ஆண்டுகளில் சென்னைக் குடிசைகளை அகற்றி மாடி வீடுகள் எழுப்புவதென்பது அதன் நோக்கம். ஏழாண்டில் முடியக்கூடிய வேலையா அது! ஆயினும், குடிசை நின்ற இடத்திலேயே வீடு கட்டித் தந்த அந்நாளைய முறையில் ஒரு நன்மை இருந்தது. தொழிலும் பள்ளியும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தன. 1977இல் உலக வங்கிக் கடனுதவியுடன் வந்த திட்டம், கட்டடத்தை விடுத்து, மனையுரிமையும் தெரு, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றையும் வழங்க முற்பட்டது.

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவை இளைஞர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். குடிசைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடத்தில் வாழ்வோரை, உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றி வெளியேற்ற வழக்கிடலாகாது என்கிறது அப்பிரிவு. நல்ல பாதுகாப்புத்தான், ஆனால் அறிவிப்பு இருந்தால்தானே? 1971இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் 17 சேர்ந்தன. அதன்பின் பட்டியல் வளரவில்லை. நகரம் வளர்ந்தது, புதிய குடிசைகளும் பெருகின. அவற்றில் வாழ்ந்தோர் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளரே ஆயினர்.

அதே 1985இல் உச்ச நீதிமன்றம், பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதியே எனத் தீர்ப்பளித்தது. வெளியேற்றமே கூடாதென்று அது கூறவில்லை. பாதிக்கப்படுவோருக்கு முன்னறிவிப்புத் தந்து, அவர் சொல்லைக் கேட்டல் வேண்டும் என்றது. சென்னைக் குடிசைவாசிகளுக்காக அந்நாளில் உச்ச நீதிமன்றம் சென்றவர், பின்னர் உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய கே. சந்துரு அவர்கள்.

2000ஆம் ஆண்டு முதல் நிலைமை வேறாயிற்று. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்கோடியில் அடுக்ககங்கள் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட வீடுகள். கூரை கிடைத்தது, வேலைக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் கூலியைத் தின்றது. தாழ்த்தப்பட்டோர் தலைவியாய், அமைச்சராய் விளங்கிய சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் தாங்கிய நகர், கூவக் கரையில் இருந்தது. அங்கிருந்தோரை 2019 டிசம்பரில் பெரும்பாக்கத்திற்கு அகற்றத் தொடங்கினர். டிசம்பர் என்றால் கல்வியாண்டின் நடுப்பகுதி. பொதுத் தேர்வுக்குச் சில திங்களே இருக்கையில், ஒரு மாணவன் எந்தப் பள்ளியில் போய் உட்காருவான்? ஆசிரியத் தொழிலில் இருப்பவனாதலால், சுவர் இடிவதைவிட வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் அடிக்கப்படுவதே என் கண்முன் நிற்கிறது. மார்ச்சு முடியும்வரை பொறுக்குமாறு கேட்க, அக்குடியிருப்போருக்கு முடிவெடுக்கும் அவையில் ஓர் இருக்கை இருந்திருத்தல் வேண்டும்.

2021இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. அவ்வாண்டு அக்டோபரில் மறுகுடியமர்வுக் கொள்கை வரைவு ஒன்று பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. வேலூரும் 2016இலேயே சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. நம் உறவினர் வாழும் தெருவுக்கு அளவைக்காரர் வந்தால், அப்பகுதி அறிவிக்கப்பட்டதா, கணக்கெடுப்பில் எவர் பெயர் உள்ளது, மாற்றிடம் எங்கே, எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கட்டணம் பத்து ரூபாய். விடைக்குக் கெடு முப்பது நாள். மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.