வானொலி இதழும் விளம்பரப் பக்கமும்

ஆண்டு விழா மலர் கைக்கு வந்ததும், கட்டுரைகளுக்கு முன்பே விளம்பரப் பக்கங்களைப் புரட்டுவோர் நம்மிற் பலர். அப்பக்கங்கள் இன்றேல் மலரே இல்லை என்பதை நாம் அறிவோம். சங்கத்திற்குள்ள இத்தேவை அரசாங்கத்திற்கும் இருந்ததுண்டு. அரசு நடத்திய இதழ்களும் கட்டணம் பெற்று விளம்பரங்களை ஏற்றன. அவற்றுள் வானொலி இதழ்களின் வரலாறு நம் சிந்தனைக்குரியது.

1927 ஜூலையில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி பம்பாயில் ஒலிபரப்பைத் தொடங்கியபோதே, நிகழ்ச்சி நிரலை முன்கூட்டி அறிவிக்க ‘இந்தியன் ரேடியோ டைம்ஸ்’ என்னும் இதழும் தோன்றிற்று. கேட்போர் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும். பெட்டி வாங்கும் வசதி படைத்தோர் சிலரே ஆதலின் கம்பெனி நொடித்தது. 1930 ஏப்ரலில் அரசாங்கம் ஒலிபரப்பை ஏற்றது. 1935 டிசம்பரில் அவ்விதழ் ‘இந்தியன் லிஸனர்’ ஆயிற்று. 1936 ஜூனில் நிறுவனத்திற்கு ஆல் இந்தியா ரேடியோ என்னும் பெயர் வந்தது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் நிலையங்கள் எழுந்தன. தமிழில் ‘வானொலி’, வங்காளியில் ‘பேதார் ஜகத்’, உருதுவில் ‘ஆவாஸ்’ என இதழ்களும் மொழிதோறும் வெளிவந்தன.

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். சுதந்திரம் பெற்றபின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், நம் வானொலி எந்த வணிகப் பொருளின் புகழையும் பாடவில்லை. ஆனால் அதன் நிகழ்ச்சிகளைத் தாங்கிய இதழிலோ வானொலிப் பெட்டி விற்போர் முதலாய வணிகர்க்கு இடமிருந்தது. வாய் மறுத்ததைத் தாள் ஏற்றது!

இதனால் விளையும் ஐயங்கள் இரண்டு. பொதுப்பணத்தின் துணையுள்ள இதழ் விளம்பரச் சந்தையில் இறங்கினால், தம் முயற்சியால் நடக்கும் பத்திரிகைகள் என்னாகும் என்பது ஒன்று. இங்கிலாந்தில் 1929-இல் பி.பி.சி. ‘லிஸனர்’ இதழைத் தொடங்க முற்பட்டபோது பத்திரிகையாளர் இதனையே கூறி எதிர்த்தனர். செலவை ஈடுகட்டும் அளவுக்கு மேல் விளம்பரம் பெறுவதில்லை என்று பி.பி.சி. இணங்கிய பின்னரே பூசல் தணிந்தது.

மற்றொன்று இதனினும் நுட்பமானது. அரசின் பெயர் பொறித்த அட்டைக்குள் வணிகரின் சொல் வரும்போது, அச்சொல்லுக்கு அரசே பிணை நிற்பதாக எளிய வாசகர் எண்ணிவிடக்கூடும். பொருள் பழுதானால் கெடுவது வணிகரின் பெயர் மட்டுமன்று. அரசு கூறும் நல்ல செய்தியின் மதிப்பும் உடன் குறையும்.

காலம் மாறிற்று. 1967 நவம்பர் முதல் நாளன்று பம்பாய், புனே, நாகபுரி ஆகிய ஊர்களில் விவித் பாரதி விளம்பர ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1976-இல் தொலைக்காட்சியும் அவ்வழியே சென்றது. பழைய வானொலி இதழ்கள் பின்னர் நின்றுபோயின. அவை எழுப்பிய வினா மட்டும் நிற்கிறது.

விளம்பரம் பெறுவது குற்றமன்று. எது நம் சொல், எது விலை பெற்ற சொல் என்பது படிப்பவர்க்கு ஐயமின்றி விளங்கவேண்டும். அரசுக்கு உரிய இவ்வறம் நமக்கும் உரியதே. இம்மலருக்கு விளம்பரம் தந்து உதவிய வணிகப் பெருமக்களுக்கு நாம் நன்றியுடையோம். அந்நன்றி நம் கட்டுரைப் பக்கங்களின் நடுவுநிலையை விலைபேசாதிருக்கும் வரை, இரு சாராருக்கும் பெருமையே.