ஊருக்குள்ள வரணுமா? 30 நாள் தீவுல இருங்க!

குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரம். கேம் ஆஃப் த்ரோன்ஸ் பார்த்தவங்களுக்கு அந்தக் கோட்டை மதில் ஞாபகம் இருக்கும்.

அங்கே சுற்றுலா போறவங்க ஒருநாள் பயணமா தெற்கே சாவ்தத் என்ற பழைய கடற்கரை ஊருக்கும் போவாங்க. அந்தக் கரைக்கு எதிரே மிர்கான்னு ஒரு குட்டித் தீவு. இன்று ஆள் கிடையாது. ஆனா ஒரு டாக்டரா நான் பார்க்க ஆசைப்படுறது அந்தத் தீவைத்தான்.

ஏன்?

அப்போது அந்த நகரத்தின் பெயர் ராகுசா. 1348ல் பிளேக் வந்து ஊரையே உலுக்கியது. கப்பல் வியாபாரத்தில் பிழைக்கும் ஊர், துறைமுகத்தை மூடினால் பட்டினி. திறந்து வைத்தால் சாவு.

1377ல் நகரசபை ஒரு சட்டம் போட்டது. பிளேக் உள்ள இடத்திலிருந்து வருபவர்கள் மிர்கானிலோ சாவ்தத்திலோ 30 நாள் இருந்துவிட்டுத்தான் ஊருக்குள் வரணும். உலகின் முதல் குவாரன்டைன் சட்டம் என்று இதைத்தான் சொல்கிறோம். (30 நாள் பிறகு 40 ஆனது. இத்தாலிய மொழியில் 40 என்றால் குவாரன்டா. பெயர் வந்தது அப்படி.)

கிருமின்னு ஒண்ணு இருக்கிறதே அப்போ தெரியாதுங்க. பிளேக் பாக்டீரியாவை யெர்சின் கண்டுபிடித்தது 1894ல்!

சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. சபை நியமிக்காத யாராவது உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனால், அவர்களும் அங்கேயே ஒரு மாதம். காண்டாக்ட் என்றால் என்ன என்பதை எவ்வளவு தெளிவா புரிஞ்சு வச்சிருக்காங்க பாருங்க. அதே சமயம், பெத்த பிள்ளைக்குக் கஞ்சி கொண்டுபோன அம்மாவுக்கும் இதே தண்டனைதானே?

கோவிட் சமயத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே டாக்டர், என்னை ஏன் அடைச்சு வைக்கிறீங்க?" நியாயமான கேள்வி. நோயாளியைத் தனியாக வைப்பது ஐசோலேஷன். குவாரன்டைன் என்பது நோய் வந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் நல்லா இருப்பவரையும் நிறுத்தி வைப்பது. ஊருக்காக அவர் தன் நாட்களைக் கொடுக்கிறார். அப்போ அவருக்குக் கூரையும் சோறும் கொடுப்பது ஊரோட கடன் இல்லையா?

ராகுசாவும் இதைக் கற்றுக்கொண்டது, ஆனா மெதுவா. 17ஆம் நூற்றாண்டில்தான் நகரின் கிழக்கு வாசலுக்கு வெளியே லாசரெட்டி என்ற கல் கட்டடங்களைக் கட்டி முடித்தார்கள். தங்க அறை, சரக்கு வைக்க இடம், சுற்றி மதில், எல்லாம் உண்டு.

அந்தக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. இப்போ அங்கே கச்சேரி நடக்குது. அந்தப் பக்கம் போனா, ஒரு எட்டு உள்ளே போய்ப் பாருங்க.