கோலும் குழியும்: மகாவீராச்சாரியாரின் பரப்புக் கணிதமும் சோழநாட்டு நில அளவையும்

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் விமானம், ஏறத்தாழ நூறடிப் பக்கமுள்ள சதுரத்தின்மேல் எழுந்து நிற்கிறது. சற்றுத் தொலைவில் பொன்னேரி. முதலாம் இராசேந்திரன் சோழகங்கம் எனப் பெயரிட்டு அமைத்த அவ்வேரியின் கரை வடக்குத் தெற்காக 16 மைல் நீண்டு கிடந்ததை, 1855ஆம் ஆண்டின் தென்னிந்திய நிலவிவரண நூல் வியந்து குறித்தது. இவ்வளவு பெரிய சதுரத்தை நான்கு மூலையும் பிசகாமல் நிறுத்தவும், இவ்வளவு நீண்ட கரைக்கு மண் கணக்கிடவும், ஏரி நீர் பாயும் வயல்களுக்கு வரி வகுக்கவும் பரப்பும் கொள்ளளவும் காணும் கலை தேர்ந்திருக்க வேண்டும். தென்னாட்டில் அக்கலையை நூலாக வகுத்துத் தந்தவர்களுள் தலையாயவர் ஒரு சமணர்.

ஆதிபகவன் தம் மகளிர் இருவருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளினார் என்பது ஸ்ரீபுராணம் ஓதும் இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்தி. ஸ்ரீபுராணத்துக்கு மூலமாகிய மகாபுராணத்தின் முற்பகுதியை இயற்றிய சினசேனாச்சாரியார், இராட்டிரகூடப் பேரரசன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் ஆசான். அவ்வரசன் காலத்தில்தான், ஏறத்தாழ கி.பி. 850இல், மகாவீராச்சாரியார் கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். வானநூலின் ஒரு பகுதியாகவே கணிதத்தை எழுதிவந்த காலத்தில், கணிதத்துக்கு மட்டுமே உரியதாக அமைந்த நூல் அது. வர்த்தமான தீர்த்தங்கரரை வணங்கித் தொடங்கி, ஒன்பது அதிகாரங்களில் விரிகிறது. ஏழாவது அதிகாரம் நிலப்பரப்பு பற்றியது. எட்டாவது, தோண்டும் குழிகளின் கொள்ளளவு பற்றியது.

பரப்பறியும் வேட்கை சமணருக்குப் புதியதன்று. உலகின் அமைப்பை எண்ணால் உரைப்பது கரணானுயோகத்தின் பணி. ஒரு இலட்சம் யோசனை விட்டமுள்ள சம்பூத்தீவின் சுற்றளவு 3,16,227 யோசனை, 3 காவதம், 128 வில், பதின்மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் என்று ஆகம மரபு கூறும். விட்டத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் காண்பதே இதற்குரிய வழி. சுற்றளவை விட்டத்தின் காற்பங்கால் பெருக்கினால் தீவின் பரப்பு 790 கோடியே 56 இலட்சத்து 94 ஆயிரத்து 150 சதுர யோசனைக்குச் சற்று மேல் வரும். தீவைச் சூழ்ந்த இலவண சமுத்திரமோ இரண்டு இலட்சம் யோசனை அகலமுள்ள வளையம். வளையத்தின் பரப்பைக் காணும் விதி சமணக் கணிதருக்கு இன்றியமையாததாக இருந்ததன் காரணம் இதனால் விளங்கும்.

மகாவீராச்சாரியார் அவ்விதிகளை விண்ணிலிருந்து வயலுக்கு இறக்கினார். முக்கோணம் மூன்று வகை, நாற்கோணம் ஐந்து வகை, வளைகோட்டு வடிவம் எட்டு வகை எனப் பதினாறாக வடிவங்களை வகுத்தார். வட்டம், அரைவட்டம், நீள்வட்டம், சங்கு வடிவம், குழிந்த வட்டம், குவிந்த வட்டம், உள்வளையம், வெளிவளையம் ஆகியவை அவ்வெட்டு. அதனோடும் அவர் நிற்கவில்லை. வாற்கோதுமை மணி, முழவு, பணவம், வச்சிரம், இளம்பிறை, யானைத் தந்தம் ஆகியவற்றின் வடிவில் அமைந்த நிலங்களுக்கும் கணக்கு உரைத்தார். யானைத் தந்த வடிவில் எவர் வயல் வைத்திருந்தார் என்று கேட்கத் தோன்றும். ஆற்றங்கரை வயல்களையும் ஏரி உள்வாய் நிலங்களையும் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

இவ்வதிகாரத்தின் உயிர்நிலை வேறொன்று. ஒரே வடிவத்துக்கு இரண்டு விடைகளை அவர் தருகிறார். முதலாவது வியாவகாரிகம், அதாவது நடைமுறைக்குப் போதுமான தோராயம். இரண்டாவது சூட்சுமம், நுண்ணிய விடை. எது எந்த வகை என்பதைப் பெயரிட்டே பிரித்துவைக்கிறார்.

இரண்டுக்கும் உள்ள தொலைவைச் சிறு கணக்கில் காணலாம். 13, 14, 15 கோல் பக்கங்களுள்ள முக்கோண நிலம் ஒன்று உண்டெனக் கொள்க. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடையது ஒரு குழி. எதிர்ப் பக்கங்களைக் கூட்டி அரையாக்கித் தம்முள் பெருக்குவது தோராய முறை. முக்கோணத்துக்கு நான்காம் பக்கம் இன்மையால் அது பூச்சியம். 13உம் 15உம் கூடினால் 28, அதில் அரை 14. அடிப்பக்கம் 14, அதில் அரை 7. பெருக்க 98 குழி. சூட்சும முறையில், மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதி 21. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழிக்க 8, 7, 6. இந்நான்கையும் பெருக்க 7056. அதன் வர்க்கமூலம் 84. மெய்யான பரப்பு இதுவே. தோராய முறை ஆறிலொரு பங்கைக் கூட்டிச் சொல்லிவிட்டது.

நாற்கோணத்தில் இடர் இன்னும் பெரிது. நான்கு பக்கமும் 13 கோலாக உள்ள நிலம் சதுரமாயின் 169 குழி. அதே பக்கங்களுடன் ஒருபுறம் சாய்ந்து, குறுக்கே 10 கோலும் நெடுக்கே 24 கோலும் கொண்டிருப்பின் 120 குழிதான். தோராய முறை இரண்டுக்கும் 169 என்றே சொல்லும். அரை கூட்டுத்தொகையிலிருந்து நான்கு பக்கங்களையும் கழித்துப் பெருக்கி மூலம் காணும் முறையும், நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் அமையாத இத்தகைய சாய்ந்த நிலத்துக்குப் பொருந்தாது. அதுவும் 169 என்றே தரும். மூலைவிட்டமாகிய கர்ணத்தை அளந்து, நிலத்தை இரு முக்கோணங்களாகப் பிரித்தாலன்றி உண்மை வெளிப்படாது. 13, 13, 10 பக்கமுள்ள முக்கோணத்துக்கு 60 குழி. இரண்டும் சேர்ந்து 120.

வரி செலுத்துவோனுக்கு 49 குழி கூடினால் அது இல்லாத நிலத்துக்கு இறுக்கும் வரி. தானம் பெறுவோனுக்கோ ஓலையில் மட்டும் உள்ள, மண்ணில் இல்லாத நிலம். சோழர் காலத்தில் அருகன் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலங்கள் பள்ளிச்சந்தம் எனப்பட்டன. விளக்கெரிதலும் துறவியர் உணவும் அந்நிலத்தின் விளைவைச் சார்ந்திருந்தன. ஆகவே கோல் பிடித்தவன் கணக்கு தவறினால் பள்ளியின் விளக்கில் எண்ணெய் குறைந்தது என்றே கொள்ளலாம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கள்ளாமை விரதத்துக்கு உரைக்கும் ஐந்து அதிசாரங்களுள், கொடுக்கும்போது குறைத்தும் கொள்ளும்போது கூட்டியும் அளப்பதை ஒன்றாக வைத்திருக்கிறது. இல்லறத்தார் அனைவரும் அறிந்த அவ்விரதத்தின் அருகில் வைத்துப் பார்த்தால், தோராயத்தைத் தோராயம் என்றே பெயரிட்டு எழுதிய ஆசிரியரின் நேர்மை தெளிவாகும்.

வட்டத்தில் பிழை மறுபக்கம் சாயும். விட்டம் 20 கோல் எனில், விட்டத்தின் மும்மடங்கே சுற்றளவு என்னும் தோராயத்தால் பரப்பு 300 குழி. பத்தின் மூலத்தைக் கொண்டால் 316 குழிக்குச் சற்று மேல். இன்றைய கணக்கில் 314க்குச் சற்று மேல். சூட்சும விதி இரண்டு குழி மிகுத்தது. தோராயம் பதினான்கு குழி குறைத்தது.

நீள்வட்டத்தைக் கணக்கில் எடுத்த முதல் இந்தியக் கணிதர் அவரே. நெடுவிட்டம் 36, குறுவிட்டம் 12 எனில் அவர் விதிப்படி சுற்றளவு 78க்கு மிக அருகில் வரும். மெய்யளவு 80க்குச் சற்று மேல். அக்காலத்துக்கு இது வியக்கத்தக்க நெருக்கம். ஆயின் பரப்பில் அவர் வழுவினார். வட்டத்துக்குரிய முறையையே நீட்டி, சுற்றளவைக் குறுவிட்டத்தின் காற்பங்கால் பெருக்கச் சொன்னார். அவ்வழியில் 233 கிடைக்கும், மெய்ப்பரப்போ 339. முன்னோர் மீதுள்ள பற்றினால் இதனை மறைப்பது அவர் நூலுக்குப் பெருமை சேர்க்காது.

இனிச் சோழநாட்டுக் கோலுக்கு வருவோம். முதலாம் இராசராசன் கி.பி. 1001 அளவில் நாடு முழுதும் நிலம் அளப்பித்தான். அப்பணியை நடத்திய சேனாபதி உலகளந்தான் என்றே பெயர் பெற்றார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்தோறும் மொத்த நிலத்தைக் கூறி, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றை நீக்கி, எஞ்சியதற்கே வரி காட்டுகின்றன. ஒரு வேலிக்கு இருபது மா. ஒரு மாவுக்கு நூறு குழி. மாவுக்குக் கீழ் காணி, முந்திரி, அதன்கீழ் கீழ்முந்திரி எனப் பின்னங்கள் இறங்கும். முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. கீழ்வாய் ஒவ்வொன்றும் மேலும் முந்நூற்றிருபதால் வகுக்கும். இவ்வழியில் இறங்கி, ஒரு வேலியை 5242 கோடியே 88 இலட்சம் பங்காக்கிய அளவையும் அக்கல்வெட்டுகள் குறிக்கின்றன. அத்துணைச் சிறு மண்ணை எந்தக் கோலும் அளக்காது. அது வகுத்தலில் பிறந்த எண். ஆயினும் மீதியைக் கைவிடாமல் எழுதவேண்டும் என்று எண்ணிய கணக்கரின் மனம் அதில் தெரிகிறது.

கோலும் எங்கும் ஒன்றாக இல்லை. பன்னிரண்டடிக் கோல், பதினாறு சாண் கோல், பதினெட்டடிக் கோல் எனப் பல வழங்கின. பன்னிரண்டுக்குப் பதினெட்டு ஒன்றரை மடங்கே எனினும், குழியளவில் அது இரண்டேகால் மடங்காகும். எக்கோலால் அளந்தது என்பதைக் கல்லில் வெட்டியதும், கோலின் நீளத்தையே கோயிற்சுவரில் பொறித்துவைத்ததும் இதனால்தான்.

தமிழ்க் கணக்கு நூல்கள் பலவும் மறைந்தன. திருக்குறளில் எண் என்னும் சொல்லுக்கு உரை கூறும் பரிமேலழகர், ஏரம்பம் என்னும் நூலைக் காணச் சொல்கிறார், அந்நூல் இன்றில்லை. எஞ்சியவற்றுள் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் குறிப்பிடத்தக்கது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் குழி கிடைக்கும் என்பது தமிழ் மரபின் விதி. சுற்றளவை விட்டத்தின் காற்பங்கால் பெருக்கச் சொன்ன மகாவீராச்சாரியாரின் விதியும் அதுவும் ஒன்றே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கொள்ள வேண்டியதில்லை. கயிறும் கோலும் பிடித்த கைகள் பல இடங்களில் ஒரே உண்மையைத் தொடும்.

எனினும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் கணிதசாரசங்கிரகத்துக்கும் உறவுவழி ஒன்று உண்டு. அந்நூலைத் தெலுங்கில் ஆக்கியவர் பாவுலூரி மல்லனர். வேங்கி மன்னன் இராசராச நரேந்திரன் காலத்தவராக அவரைப் பலரும் கொள்வர். அம்மன்னனின் மனைவி அம்மங்கைதேவி இராசேந்திர சோழனின் மகள். அவர்கள் மகனே, கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கன். அவன் 1086இல் நாட்டை மீண்டும் அளப்பித்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் நிலக்கணக்கேடு தொகுத்ததும் அதே ஆண்டில்தான். குலோத்துங்கனைப் பாடிய செயங்கொண்டாரை, சினாலயம் விளங்கும் தீபங்குடியினர் என மரபு உரைக்கும்.

குழி என்னும் சொல் பரப்பின் அளவாகவும் தோண்டிய பள்ளமாகவும் தமிழில் இருபொருள் தருவது, எட்டாம் அதிகாரத்துக்கு நல்ல வழிகாட்டி. மேலே 20 முழம், அடியில் 10 முழம் பக்கமுள்ள சதுரக் குளம், ஆழம் 12 முழம் எனக் கொள்க. பக்கங்களின் சராசரி 15; அதன் வர்க்கத்தை ஆழத்தால் பெருக்க 2700 கன முழம். இது கர்மாந்திகம். மேற்பரப்பு 400, அடிப்பரப்பு 100, இவற்றின் சராசரி 250. ஆழத்தால் பெருக்க 3000. இது ஔண்டிரம். முன்னது வெட்டுவோரின் கூலியைக் குறைக்கும். பின்னது வெட்டுவிப்போரின் பொருளைக் கரைக்கும். இரண்டின் வேறுபாடான 300இல் மூன்றிலொரு பங்கை முன்னதோடு கூட்டுக என்கிறார் மகாவீராச்சாரியார். 2800 கன முழம். இன்றைய பள்ளிப் பாடநூலின் சூத்திரமும் இம்மியும் மாறாமல் இதையே தரும்.

இந்நூலை அச்சில் கொணர்ந்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காச்சாரியார். ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னை அரசு அச்சகம் அதனை வெளியிட்டது; நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் யூஜின் சுமித் முன்னுரை வழங்கினார். சென்னைச் சுவடி நூலகத்தில் அவருக்குக் கிடைத்தவை மூன்று சுவடிகள். தமிழ்நாட்டு வழக்கான கிரந்த எழுத்தில் இருந்த காகிதச் சுவடியில் முதல் ஐந்து அதிகாரங்களே இருந்தன. கன்னட எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றிலும் அவ்வைந்தே. மூன்றாவதும் கன்னட எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி. அதில் மற்ற எவ்வதிகாரமும் இல்லை. நிலப்பரப்பைக் கூறும் ஏழாம் அதிகாரம் மட்டும் தனியே எழுதப்பட்டு, கணக்குகளுக்குரிய எண்கள் கன்னட மொழியில் சுருக்கமாகக் குறிக்கப்பட்டிருந்தன.