எலிக்காய்ச்சல் கண்ணுக்கு வந்தபோது

ஸ்வீடனின் ஆல்வர் குல்ஸ்ட்ராண்ட் 1911-இல், கண்ணைப் பரிசோதிக்கும் ஸ்லிட் லாம்ப் கருவியை உலகுக்குக் காட்டினார். அந்தக் கருவியில் மோவாயைப் பதித்து உட்கார்ந்த மதுரை வட்டார விவசாயிகளிடமிருந்து ஓர் ஆராய்ச்சி கிளம்பியதுதான் இந்தக் கதை.

1993-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை மதுரைச் சீமையை வெள்ளக்காடாக்கிவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, ஜனங்கள் அதை மறக்கத் தொடங்கிய நேரத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரே மாதிரி நோயாளிகள் வந்து குவிந்தார்கள். கண் சிவப்பு, வலி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், பார்வை மங்கல். கண் சிவந்தாலே ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். இது அதுவல்ல.

ஸ்லிட் லாம்பின் மெல்லிய ஒளிக்கீற்றைக் கருவிழிக்குள் செலுத்தினால், தெளிந்திருக்க வேண்டிய முன்னறை நீரில் வெள்ளணுக்கள் மிதந்தன, கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் தூசு மிதப்பதுபோல. சிலருக்கு அவை கீழே படிந்து வெள்ளைக் கோடாகச் சீழ் கட்டியிருந்தது. அழற்சி முன்பக்கத்தோடு நிற்கவில்லை. விழிக்குள் இருக்கும் கூழ்மம், விழித்திரையின் ரத்தக்குழாய்கள் என்று உள்ளே வரை பரவியிருந்தது. யுவைடிஸ் என்று பெயர் சொல்லிவிடலாம். காரணம் சொல்வதுதான் கஷ்டம். காசநோயாக இருக்கலாம், சிபிலிஸாக இருக்கலாம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் கண்ணைத் தாக்குவதாகவும் இருக்கலாம். உலகம் முழுக்கவே யுவைடிஸ் கேஸ் ஷீட்டுகள் பலவற்றில் ‘காரணம் தெரியவில்லை’ என்றுதான் எழுதி முடிப்பார்கள்.

அரவிந்தின் யுவியா (விழியின் நடுப்படலம்) பிரிவில் இருந்த டாக்டர் எஸ்.ஆர். ரத்தினமும் அவருடைய குழுவினரும் அப்படி எழுதி முடிக்கவில்லை. வெள்ள நீர், ஆடு மாடு, சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன்பு வந்துபோன ஒரு காய்ச்சல் என எல்லாத் தடயங்களும் எலிக்காய்ச்சலைக் காட்டின. எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி, தேங்கிய நீரில் நடப்பவரின் கால் வெடிப்பு வழியாக உடம்புக்குள் புகுந்துவிடும். காய்ச்சல் ஆறி, ஆள் வேலைக்குத் திரும்பிய பிறகு சாவகாசமாகக் கண்ணில் தலைகாட்டும். அதனால்தான் நோயாளி இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

இந்தக் காய்ச்சலை அடோல்ஃப் வைல் 1886-இல் ஜெர்மனியில் விவரித்தார். கிருமியை இனாடாவும் இடோவும் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். குதிரைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்து கண்ணைப் பறிக்கும் அழற்சிக்கும் இதே கிருமி காரணமாகலாம் என்பது கால்நடை மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. மனிதக் கண் மருத்துவத்தில் மட்டும் அது பாடப்புத்தகத்தின் ஓர் ஓரத்தில் கிடந்தது.

சந்தேகத்தை நிரூபிக்க வேண்டுமே. நோயாளியின் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, உயிருள்ள லெப்டோஸ்பைராக்களோடு கலந்து, இருள்புல நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நெளிந்துகொண்டிருக்கும் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால், அவற்றுக்கு எதிரான பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 73 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 1997-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வெளியானது. மறு ஆண்டே, கலிஃபோர்னியா ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கண்ணின் முன்னறை நீரிலேயே கிருமியின் டிஎன்ஏ இருப்பதைக் காட்டினார்கள்.

காரணம் தெரிந்தால் வைத்தியமே மாறும். சீழ் கட்டும் யுவைடிஸைப் பார்த்ததும், எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் பெஹ்செட் நோயோ என்று பயந்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை நீண்டகாலம் கொடுக்க நேரலாம். லெப்டோஸ்பைராவால் வந்ததென்றால், பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு சிகிச்சையிலேயே பார்வை நன்றாகத் திரும்பிவிடுகிறது.

ஆராய்ச்சி என்றாலே பணமும் கருவியும் என்பார்கள். இங்கே முதல் மூலதனம் கூட்டம் என்பேன். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்துக்குக் கிராமம் கிராமமாக ஜனங்கள் வந்ததால்தான் இந்த ஒற்றுமை கண்ணில் பட்டது. ஆளுக்கொரு டாக்டரிடம் ஒருவர் இருவராகப் போயிருந்தால் எல்லாமே தனித்தனி ‘காரணம் தெரியவில்லை’ ஆகியிருக்கும். பின்னாளில் குளத்தில் குளித்த கிராமத்துப் பிள்ளைகளின் கண்ணில் வந்த கட்டிகளுக்குத் தட்டைப்புழு வகை ஒட்டுண்ணியே காரணம் என்று ரத்தினம் எழுதியதற்கும் இதே கூட்டம்தான் கைகொடுத்தது.

காரணம் பிடிபடாத யுவைடிஸ்காரர்களை என்ன செய்வது? ஸ்டீராய்டை வருடக்கணக்கில் கொடுத்தால் கண்புரை, கண் அழுத்தம், சர்க்கரை என்று வேறு வம்புகள் வரும். ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் இரண்டு மருந்துகளில் எது மேல் என்று பார்க்க ஓர் ஆய்வு நடந்தது: இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவூதி அரேபியா, மெக்சிகோ நாடுகளில் 9 மையங்கள், 216 நோயாளிகள். 2019-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த அந்த ஆய்வுக்கட்டுரையின் முதல் பெயர் ரத்தினத்துடையது. மெத்தோட்ரெக்சேட் 66.7 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது, மைகோஃபெனோலேட் 57.1 சதவீதம் பேருக்கு. புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மெத்தோட்ரெக்சேட் பழைய மருந்து, விலை மலிவு. மைகோஃபெனோலேட்டைத் தினமும் விழுங்க வேண்டும்; மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் போதும். மறந்துபோய் இதைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.