கரைக்கு வெளியே தொடங்கும் ஆபத்து: சிறு மண்ணணைகளின் பாதுகாப்பை எங்கிருந்து அளப்பது?

2019 ஜூலை 2 இரவு, மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்னும் ஊரின் பாசன அணை உடைந்தது. கீழே இருந்த குடியிருப்பு அடித்துச் செல்லப்பட்டது. குறைந்தது 19 பேர் இறந்தனர். கட்டி முடித்து இருபது ஆண்டுகூடத் தாண்டாத மண்ணணை அது. அதன் முழுக் கொள்ளளவு ஒரு டிஎம்சியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மேட்டூர் அணையின் 93.47 டிஎம்சிக்கு முன் அது ஒரு பொருட்டே அன்று. கரையில் கசிவு இருப்பதாக ஊரார் முன்பே முறையிட்டிருந்தனர். நண்டுகள் கரையைத் துளைத்ததே காரணம் என்று மாநில அமைச்சர் ஒருவர் சொன்னது அப்போது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. நண்டு வளையும் எலி வளையும் மண்கரையைப் பலவீனப்படுத்தும் என்பது ஏரிப் பாசன ஊர்களில் எவரும் அறிந்த செய்திதான். ஆனால் வளை ஒரே நாளில் அணையை உடைக்கும் அளவுக்கு வளர்வதில்லை. அது வளரும் காலமெல்லாம் கரையை யார் நடந்து பார்த்தார்கள் என்பதுதான் அங்கே எழுந்திருக்க வேண்டிய கேள்வி.

சிறு மண்ணணை ஒன்றின் ஆபத்தைக் கரையின் உயரமும் நீரின் அளவும் தீர்மானிப்பதில்லை. கரைக்குக் கீழே யார் வாழ்கிறார்கள், மிகுநீர் போகும் வழி திறந்திருக்கிறதா, கரையின் வெளிப்புறத்தை எவர் கண்காணிக்கிறார் என்ற மூன்றுமே தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். நம் சட்டமோ உயரத்திலிருந்து தொடங்குகிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுள் நீளம், கொள்ளளவு, வெள்ள அளவு முதலிய வரையறைகளில் ஏதேனும் ஒன்றுக்கு உட்படுபவற்றையும் மட்டுமே தன் எல்லைக்குள் கொள்கிறது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலச் செயல்திட்டம் ஆகிய கடமைகள் அவற்றுக்கே உரியவை. தமிழ்நாட்டில் சற்றேறக்குறைய 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் உள்ளன. அவற்றின் கரைகளுள் 10 மீட்டரைத் தொடுபவை அரிது. ஆகவே இவற்றில் மிகப் பெரும்பாலானவை சட்டத்தின் கண்ணில் அணைகளே அல்ல.

மண்ணணை உடையும் முதன்மையான வழிகள் இரண்டு. நீர் கரைமேல் ஏறி வழிவது ஒன்று. கரைக்கு உள்ளேயே மண்ணை அரித்துக்கொண்டு போவது மற்றொன்று. உலகின் பெரிய மண்ணணைகள் உடைந்த நிகழ்வுகளைத் தொகுத்து, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விரண்டும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்று காட்டியது.

முதல் வழியைத் தடுப்பது மிகுநீரை வெளியேற்றும் கலுங்கு. மண்கரை தன்மேல் நீர் வழிவதைத் தாங்காது. வழியும் நீர் வெளிச்சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி அரித்து, சில மணி நேரத்தில் கரையை இரண்டாகப் பிளந்துவிடும். எனவே ஏரியின் உயிர் கலுங்கின் அகலத்திலும், கலுங்கு மட்டத்துக்கும் கரைமேட்டுக்கும் இடையே விடப்படும் உயர இடைவெளியிலும் இருக்கிறது. இவ்விரண்டையும் மனிதர் குறைத்துக்கொண்டே வருகின்றனர். கூடுதல் நீர் தேக்கக் கலுங்கின்மேல் மணல் மூட்டை அடுக்குவதும், மீன் தப்பாதிருக்கக் குறுக்கே வலை கட்டுவதும், அந்த வலையில் செத்தையும் ஆகாயத் தாமரையும் சேர்ந்து அடைத்துக்கொள்வதும் பல ஊர்களில் வழக்கம். கலுங்கு நீரைக் கொண்டுபோகும் மறுகால் ஓடை வீட்டுமனையாகிவிட்ட இடத்தில் கலுங்கு எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. வெளியேறிய நீர் தேங்கிப் பின்னோக்கி ஏறும்.

தமிழகத்து ஏரிகள் தனித்தனியாக நிற்பவை அல்ல என்பதால் இந்த ஆபத்து பெருகுகிறது. மேல் ஏரியின் மறுகால் கீழ் ஏரிக்கு வரத்து. மேலே ஒரு கரை உடைந்தால், மழைவெள்ளத்துக்கென அளவிட்டுக் கட்டிய கீழ்க்கலுங்கு அந்தத் திடீர் நீரைத் தாங்காது. சங்கிலியின் அடுத்த கண்ணியும் அறும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. அத்தகைய மழையைத் தாங்கும்படி எந்தச் சிறு குளத்தையும் கட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் உடையும்போது நீர் எந்தத் தெருவுக்குள் போகும் என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வைப்பது முடியாததன்று.

இரண்டாம் வழி இதைவிடக் கொடியது. அதற்கு மழையே தேவையில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் இலங்கையின் கந்தளாய்க் குளம், வெள்ளம் கரையேறி வழியாமலேயே உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. எந்த மண்கரையும் கசியும், கசிவது குற்றமன்று. கசிவுநீர் தெளிவாக இருக்கும்வரை கரை தன் மண்ணை இழக்கவில்லை. அது கலங்கி வந்தால், கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். அந்தத் துளை வெளியிலிருந்து உள்நோக்கி வளர்ந்து ஏரிநீரைத் தொடும் கணத்தில் எதுவும் செய்வதற்கில்லை. பெரும்பாலும் இது மதகை ஒட்டியே நேர்கிறது. கல்லும் குழாயும் மண்ணும் சந்திக்கும் இடத்தில் மண்ணைச் சரியாகத் திமிசு போட்டு இறுக்குவது கடினம். 1961 ஜூலை 12 அன்று புணே நகரத்தை மூழ்கடித்த பான்ஷெட் மண்ணணையும், முடிவடையாதிருந்த நீர்வெளியேற்றுக் குழாயைச் சார்ந்த மண் அமிழ்ந்ததால்தான் உடைந்தது. பழைய கல்மதகை இடித்துவிட்டுச் சிமெண்டுக் குழாய் பதிக்கும் ஒவ்வொரு சீரமைப்புப் பணியும் இந்தப் பாடத்தை நினைவில் வைக்க வேண்டும்.

கலங்கிய ஊற்றைக் கண்டதும் பதற்றத்தில் மக்கள் செய்வது, வெளிப்புறத்தில் களிமண்ணைப் போட்டு அடைப்பது. இது தவறு. அடைபட்ட நீர் அழுத்தம் கூடி வேறிடத்தில் பீறிடும். வெளிப்புறத்தில் நீரை விட வேண்டும், மண்ணைத்தான் தடுக்க வேண்டும். அதற்கு மணலும் அதன்மேல் சரளையும் பரப்பி, சுற்றிலும் மணல் மூட்டைகளை வளையமாக அடுக்குவதே முறை. அடைப்பதானால் உள்வாயில், நீர் புகும் இடத்தில் அடைக்க வேண்டும். ஏரி மட்டத்தைக் குறைக்கவும் வேண்டும். ஆனால் மிக விரைவாக வடித்தால் நனைந்த உட்சரிவு சரிந்துவிடும். இந்த நான்கு செய்திகளும் ஒவ்வொரு ஏரிக்கரை ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டியவை.

கலங்கிய ஊற்றைக் காண வேண்டுமானால் கரையின் வெளியடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். இன்றோ கரையடியை ஒட்டி வீடுகள், கழிவுநீர்க் குழிகள், குப்பைமேடுகள். மற்ற இடத்தில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதன் வேர் உயிரோடிருக்கும்போது கரையைப் பிடித்திருப்பது போலத் தோன்றினாலும், வெட்டியபின் மட்கும் வேர் நீருக்கு வழிவிடும். பருத்துத் தடிக்கும் ஆணிவேர் மரங்கள் எவையும் கரையில் கூடாது. நம் முன்னோர் கரையில் பனையை விரும்பியதை நான் மூடநம்பிக்கையாகக் கருதவில்லை. பனைக்குப் பருக்கும் ஆணிவேர் இல்லை, சல்லிவேர்தான். ஆயினும் மதகுக்கு அருகில் பனையும் வேண்டாம்.

தூர்வாருதலைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது நல்லது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கரையோரத்து உள்வாயில் நெடுங்காலமாகப் படிந்த வண்டல், கசிவைத் தடுக்கும் இயற்கைப் போர்வை. பொக்லைன் எந்திரம் எளிதாக நிற்கக்கூடிய இடம் கரையோரம் என்பதால் அங்கேயே ஆழமாகத் தோண்டினால், போர்வை கிழிந்து அடிமணல் வெளிப்படும். கரையின் உள்ளடியும் தாங்கலை இழக்கும். கரையை விட்டு விலகித் தோண்டும் விதியை மீறுவோர்மேல் நடவடிக்கை எடுக்காத தூர்வாருதல், ஏரியை ஆழப்படுத்திக் கரையைக் கொல்கிறது.

பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்ச் சபை ஏரி வாரியம் அமைத்ததையும், கரைப் பராமரிப்புக்கென ஏரிப்பட்டி என்ற நிலங்கள் விடப்பட்டதையும் பெருமையோடு சொல்கிறோம். அந்த ஏற்பாட்டின் அடிமுனையில் இருந்தவர் நீர்க்கட்டி. மழையிரவில் கரைமேல் நடந்தவர் அவர். ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஆயக்கட்டு விவசாயிக்கு ஏரிமேல் இருந்த அக்கறை தளர்ந்தது. நீர்க்கட்டிக்கு நெல் அளப்பதும் நின்றது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களிடம், மற்றவை நீர்வளத் துறையிடம் என்ற பிரிவினையில், பொறியாளர் குறைவாக உள்ள இடத்துக்கே எண்ணிக்கையில் மிகுந்த ஏரிகள் போய்ச் சேர்ந்தன.

இத்தனை ஆயிரம் ஏரிகளுக்கும் பேரணை விதிகளைப் பொருத்த முடியாது என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் உயரத்தைக் கைவிட்டு விளைவைக் கொண்டு வகைப்படுத்த வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் அணைகளின் ஆபத்து வகைப்பாடு, உடைந்தால் உயிர் போகுமா என்பதையே முதன்மையாகக் கேட்கிறது. அணை எவ்வளவு உறுதியானது என்பது வேறு கேள்வி. வயல் மட்டுமே கீழே உள்ள கண்மாய்க்கும், கீழே பள்ளிக்கூடம் உள்ள கண்மாய்க்கும் ஒரே விதி வேண்டியதில்லை.

முன்னெச்சரிக்கை பலன் தரும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கரம் அணை சான்று. 2022 ஆகஸ்டில், கட்டுமானத்தில் இருந்த அந்த மண்ணணையில் கசிவு கண்டதும் 18 ஊர்களைக் காலி செய்தனர். பக்கவாட்டில் கால்வாய் வெட்டி நீரை வடித்தனர். உயிர்ச்சேதம் இல்லை. கட்டுமானத்தின் தரம் கண்டனத்துக்குரியதே. ஆயினும் கசிவைக் கண்டவர் சொன்னதை அரசு கேட்டது; திவரேயில் நடக்காதது அதுதான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், குடியிருப்புக்கு மேலுள்ள ஒவ்வொரு ஏரியின் கலுங்கும் மறுகாலும் வெளியடியும் பொறியாளர் ஒருவரால் நடந்து பார்க்கப்பட்டு, அறிக்கை கிராமசபையில் படிக்கப்பட வேண்டும். நீர்க்கட்டிப் பணி அரசு ஊதியத்தோடு மீட்கப்பட வேண்டும். அவர் கலங்கல் நீரைக் கண்டதாகச் சொன்னால், அன்றே பதிவு செய்து அன்றே பொறியாளர் வர வேண்டும் என்பதைத் தமிழ்நாடு அரசு சட்டமாக்க வேண்டும்.