வெயிலில் நின்ற மோட்டார்

நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதை வந்தது 1979-ஆம் ஆண்டில்தான், அதுவும் திருவனந்தபுரத்திலிருந்து. திருநெல்வேலிப் பாதை 1981-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் சென்னைக்கு இரயிலேற விரும்பிய நாஞ்சில் நாட்டார், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி செல்வது வழக்கம். கணவாய் வரையில் வயலும் குளமும் குளிர்ந்த காற்றும். அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல்.

நான் பள்ளிச் சிறுவனாயிருந்த காலத்தில், ஒரு சித்திரை நண்பகலில் என் தமையனாரை இரயிலேற்றுவதற்காக வாடகை மோட்டாரில் சென்றோம். மறுநாள் சென்னையில் அவருக்கு உத்தியோக நேர்காணல். பணகுடியருகே மோர் குடிப்பதற்காகச் சிறிது நேரம் நின்றோம். பிறகு வண்டி கிளம்பவில்லை. தமையனார் பேருந்து ஏதேனும் வருகிறதா என்று பார்க்கச் சாலைக்கு ஓடினார். "பெட்ரோல் போட்டீரா, இல்லையா?" என்று தந்தையார் சினந்தார். ஓட்டுநர் ஒன்றும் பேசாமல், பெட்ரோல் தொட்டியில் ஒரு குச்சியை விட்டு எடுத்துக் காட்டினார். பாதிக் குச்சி நனைந்திருந்தது.

தொட்டியில் பெட்ரோல் இருக்க, இயந்திரம் ஏன் பட்டினி கிடந்தது?

1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு 'டி' மோட்டாரில் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. மேட்டிலிருந்து தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்வதுபோல் பெட்ரோல் தானே கார்புரேட்டருக்கு இறங்கும். தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மலைச்சாலையில் ஏறினால் முன்புறம் உயர்ந்து வரத்து நின்றுவிடும். ஆகவே சிலர் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மலையேறினர்! பிற்காலத்தில் தொட்டி வண்டியின் பின்கோடிக்குச் சென்றது. பெட்ரோலை உறிஞ்சி இழுக்க, இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒரு பம்பைப் பொருத்தினர். வெயில் நாடுகளில் தொல்லை இங்கேதான் மூண்டது.

பெட்ரோல் ஒரே பொருளன்று. பல திரவங்களின் கலவை. அவற்றுள் இலேசானவை சுமார் 40 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவாதலால் இன்னும் எளிதில் கொதிக்கும். ஓடும் வண்டிக்கு விசிறியும் எதிர்க்காற்றும் துணை. நின்றதும் அவ்விரண்டும் நின்றுபோக, இயந்திரத்தின் சூடு முழுவதும் பம்பையும் குழாயையும் தாக்குகிறது. உள்ளே ஆவி நிரம்பிவிட்டால், திரவத்தை இழுக்க ஏற்பட்ட பம்பு அந்த ஆவியையே அமுக்கி அமுக்கி ஓயும். இதனை 'ஏர் லாக்' என்று சொல்வதுண்டு. உண்மையில் அடைத்து நிற்பது காற்றன்று, பெட்ரோலின் ஆவி.

திருவிதாங்கூர் அரசு 1938-இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரிச் சாலையில் ஓடவிட்ட பேருந்துகளுக்கு இந்நோய் இல்லை. அவை டீசல் வண்டிகள். நம் வெயிலோ இயந்திரச் சூடோ டீசலைக் குழாயில் கொதிக்க வைக்கப் போதாது. இக்காலப் பெட்ரோல் கார்களிலோ பம்பு தொட்டிக்குள்ளேயே அமிழ்ந்திருந்து, எண்ணெயை அழுத்தத்தோடு முன்னே தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் உயருமன்றோ?

எங்கள் ஓட்டுநர் இயற்பியல் படித்தவர் அல்லர். ஆயினும் தம் தலைத்துண்டை மோர்க்காரியின் குடத்து நீரில் நனைத்துப் பம்பின்மேல் சுற்றினார். காய்ந்ததும் மீண்டும் நனைத்தார். அரைமணி நேரத்தில் வண்டி உயிர்பெற்றது. நாங்கள் திருநெல்வேலி சேர்ந்தபோது இரயில் போய்விட்டிருந்தது.

தமையனார் பின்னர் வேறொரு உத்தியோகத்தில் அமர்ந்து ஓய்வும் பெற்றார். ஆயினும், அந்த ஓட்டுநர் காசுக்கு ஆசைப்பட்டுப் பெட்ரோலைக் குறைத்து ஊற்றினார் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நனைந்த குச்சியை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.