மறதி நோய் உள்ள பெரியவர்கள் வீட்டை விட்டுப் போய்விடுவது ஏன்? தடுக்க என்ன செய்யலாம்?

"இப்பத்தான் திண்ணையில உக்காந்திருந்தாக, அதுக்குள்ள காணோம்." டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்தியாவில் 60 வயதைக் கடந்த சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

"கையில காசில்ல, எங்க போயிரப் போறாக?" என்று நினைப்பது பெரிய தவறு. 2021 முதல் தமிழகத்தில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மேலூர், திருமங்கலம் பக்கம் பஸ் ஏறும் அப்பத்தா, கொஞ்ச நேரத்தில் மதுரை பெரியார் பேருந்து நிலையக் கூட்டத்தில் நிற்கலாம்.

ஏன் போகிறார்கள்?

அல்சைமர் வகை மறதி நோயில், இடங்களை நினைவில் வைக்கும் மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகிறது. பழகிய தெருவும் புதுசாகத் தெரியும். பசி, வலி, சிறுநீர் அவசரத்தைச் சொல்லத் தெரியாமலும் எழுந்து போவார்கள். சாயங்காலம் தவிப்பு கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்றால், "இதுதான் வீடு" என வாதாடாதீர்கள். "காப்பி குடிச்சிட்டுப் போகலாம்ப்பா" என்று பேச்சை மாற்றுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

• கண் படாத உயரத்தில் தாழ்ப்பாள், கதவில் மணி பொருத்துங்கள். உள்ளே தனியாக வைத்துப் பூட்டவே கூடாது.
• செருப்பு, குடை, பையை வாசலில் வைக்காதீர்கள்.
• வெயிலுக்கு முன் தினமும் கூட்டிக்கொண்டு நடங்கள்.
• சட்டை, சேலை ஓரத்தில் குடும்ப போன் நம்பரைத் தைத்து வையுங்கள்.
• டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.
• சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குக் கூட்டிப் போவதைத் தவிர்க்கலாம்.

காணவில்லையா?

முதலில் பக்கத்துக் கிணறு, கண்மாய், வாய்க்காலைப் பாருங்கள். பிறகு பழைய வீடு, வேலை பார்த்த இடம், கோயில். 15 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் 112க்கு அழையுங்கள். புகார் தர 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. அண்மைப் புகைப்படத்தையும் அன்று உடுத்தியிருந்த உடை விவரத்தையும் கொடுங்கள். பெரியார், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களுக்கும் ஆளுக்கொருவராகச் செல்லுங்கள்.

நீங்கள் வழியில் பார்த்தால்?

திசை தெரியாமல் நிற்கும் பெரியவரைக் கேள்விகளால் துளைக்காதீர்கள். நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, துணியில் நம்பர் இருக்கிறதா பாருங்கள். 112 அல்லது காலை 8 முதல் இரவு 8 வரை இயங்கும் முதியோர் உதவி எண் 14567க்குச் சொல்லுங்கள். ஆள் வரும்வரை கூடவே இருங்கள்.